நோவை மறத்தலும் நோயைத் தீர்த்தலும்

தடுக்கி விழுந்த குழந்தை வீரிட்டு அழுகின்றது. தாய் ஓடிவந்து முழங்காலைத் தேய்த்து ஊதிவிடுகின்றாள். "இந்தக் கல்லோ என்ரை பிள்ளையை விழுத்தினது?" என்று கல்லுக்கு இரண்டு அடி போடுகின்றாள். பின்னர் வேலியிலிருக்கும் காகத்தைக் காட்டுகின்றாள். அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்குகின்றது. நம் முற்றங்களில் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. நோகின்ற இடத்திலே நோவல்லாத வேறோர் உணர்ச்சியை எழுப்புதல் முதலாவது. மனத்தை நோவினின்று பிரித்து வேறொன்றிற் செலுத்துதல் இரண்டாவது. நோவுக்குக் காரணமானதைத் தேடித் தண்டித்தல் மூன்றாவது. முதலிரண்டும் உண்மையான வைத்தியங்கள். மூன்றாவது பாவனை மாத்திரமே. அடிவாங்கிய கல் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது. நாளை அடுத்த வீட்டுக் குழந்தையும் அதிலேயே இடறி விழும்.

இம்மூன்றுக்கும் இடையிலுள்ள உறவே இக்கட்டுரையின் பொருள். நோவினின்று கவனத்தைத் திருப்புதல் நேர்மையான உதவியா, அல்லது ஏமாற்றா? இவ்வினா வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. சினிமாக் கொட்டகையிலும் கோயில் திருவிழாவிலும் கைத்தொலைபேசித் திரையிலும் தம் துயரை மறக்கும் மக்களைப் பற்றி நாம் என்ன கருதுகின்றோம் என்பதும் இதனுள் அடங்கும். முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோரிற் பலர் இவ்வினாவுக்கு 'அபின்' என்ற ஒரு சொல்லில் விடையளித்துவிடுகின்றனர். அவ்விடை போதுமானதா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

நோவு மெய்யாகவே தணிகின்றதா என்பதை முதலிற் காண்போம். ஒரே வேளையில் உடலின் இருவேறு இடங்களில் நோவு தோன்றின் வலிய நோவு மெலிய நோவை மங்கச் செய்யும் என்பதை, ஹிப்போக்கிரட்டிஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள் அறிந்திருந்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கிறிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோம வைத்தியர், தலையிடிக்கும் கால்வாதத்துக்கும் உயிருள்ள மின்மீனை உடலோடு சேர்த்து வைக்குமாறு எழுதினார். கடுகுப் பற்று, சூட்டு ஒத்தடம், தோலில் எரிவூட்டும் தைலங்கள் ஆகியவற்றை எல்லா நாட்டு மக்களும் அறிவர். இவை பயன் தருவது ஏன் என்பதற்கு நெடுங்காலம் தெளிவான விளக்கம் இருக்கவில்லை. 1965 ஆம் ஆண்டில் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். உடலிலிருந்து புறப்படும் நோவுச் செய்தி தங்குதடையின்றி மூளையைச் சென்றடைவதில்லை. முண்ணாணிலே அதற்கு ஒரு வாயில் உண்டு. தொடுகையைக் கொண்டுவரும் பருத்த நரம்பு நார்கள் தூண்டப்படும்போது, நோவைக் கொண்டுவரும் மெல்லிய நார்களுக்கு அவ்வாயில் ஒடுங்குகின்றது. மூளையும் மேலிருந்து அதனைத் திறக்கவோ அடைக்கவோ வல்லது. இதுவே அக்கொள்கையின் சாரம். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. எனினும் மையக்கருத்து நிலைத்துவிட்டது. முழங்காலைத் தேய்க்கும் தாய் இவ்வாயிலையே ஒடுக்குகின்றாள். தோலின்மீது மென்மையான மின்னோட்டத்தைச் செலுத்தி நோவைத் தணிக்கும் இன்றைய கருவியும், பழைய உரோமரின் மின்மீனும் இவ்வகையில் உறவினவே.

மனத்தைத் திருப்புதலின் ஆற்றலும் இதற்குக் குறைந்ததன்று. 1658 ஆம் ஆண்டில் ஓர் இரவு பல்நோவினால் உறக்கமிழந்த பாஸ்கல், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிச் சிந்திக்கலானார் என்றும், சிந்தனை முற்றியபோது நோவு நீங்கியிருந்தது என்றும் அவர் குடும்பத்தார் எழுதிவைத்தனர். பாஸ்கல் பக்தர். அவருக்கு நேரெதிரான உலக நோக்குடைய காள் மார்க்ஸிடமும் இதனையொத்த செய்தி ஒன்று உண்டு. 1860 நவம்பரில் அவர் மனைவி ஜென்னி அம்மை நோயால் வீழ்ந்து கிடந்தார். கட்டுரை எழுதுவது இயலாதுபோயிற்று என்றும், மன அமைதியைக் காக்க உதவும் ஒரே வேலை கணிதமே என்றும் மார்க்ஸ் ஏங்கெல்ஸுக்கு எழுதினார். மக்களின் அபினைப் பற்றி எழுதியவருக்கும் மறதி தேவைப்பட்ட நாட்கள் இருந்தன. இதனை அவருடைய பலவீனம் என்று எவரும் கூறார்.

இவ்விடத்திலே தத்துவவாதி ஒருவர் குறுக்கிடலாம். "நோவு தணியவில்லை, அது இருக்கின்றது, நீ அதனைக் கவனியாதிருக்கின்றாய். ஆகவே நீ உன்னையே ஏமாற்றிக்கொள்கின்றாய்" என்பது அவர் வாதம். கேட்பதற்கு வலிமையான வாதமே. ஆயினும், அறையின் மூலையில் நாம் காணாவிடினும் இருக்கும் நாற்காலியைப் போல நோவும் உணர்வுக்கு வெளியே இருக்கும் ஒரு பொருள் என்று அது கொள்கின்றது. காயம் அத்தகையது; நோவு அத்தகையதன்று. உணரப்படுவதே நோவு. 2012 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர ஆய்வாளர்கள், கையிற் சூடு வைக்கப்பட்டவர்களுக்குக் கடினமான நினைவுப் பயிற்சி ஒன்றைக் கொடுத்து அவர்களின் முண்ணாணைப் படம்பிடித்தனர். மனம் பயிற்சியில் ஆழ்ந்தபோது நோவுச் செய்தி முண்ணாணிலேயே தளர்ந்திருந்தது. உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களும் இதிற் பங்குகொண்டமை, அவற்றைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தபோது தெரியவந்தது. எனவே கவனம் திரும்பும்போது மனம் கண்ணை மூடிக்கொள்வது மாத்திரம் நிகழ்வதில்லை. உடலே வேறு விதமாக இயங்குகின்றது.

நோவுக்குப் பொருள் உண்டு என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் இத்தாலியிற் பணிபுரிந்த ஹென்றி பீச்சர் என்னும் வைத்தியர், கடுங் காயமுற்ற போர்வீரரிற் பெரும்பாலோர் நோவு நீக்கும் மருந்தைக் கேட்கவில்லை என்பதைக் கண்டு வியந்து 1946 இல் அதனை வெளியிட்டார். பின்னர் சாதாரண வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் காயமுற்றவர்களோடு ஒப்பிட்டபோது, அவர்களிற் பெரும்பாலோர் மருந்து வேண்டினர். போர்வீரனுக்குக் காயம் என்பது களத்திலிருந்து உயிரோடு மீளும் வழி. வீட்டிலிருந்து வந்தவனுக்கு அது வாழ்வின் இடையே விழுந்த இடி. இவ்வேறுபாட்டையே பீச்சர் காரணமாகக் கொண்டார். நோவு தனிமனித நரம்பில் மட்டும் நிகழ்வதன்று. அவன் வாழும் சமூக நிலைமையும் அதனுள்ளே புகுந்துவிடுகின்றது.

சமூக நிலைமை புகும்போது அறவினாவும் கூடவே புகுகின்றது. அதனை விளக்குதற்குப் பாரிஸ் நகர உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மகப்பேற்று மனையின் வரலாற்றைக் காட்டிலும் ஏற்ற சான்று கிடைப்பது அரிது.

பிள்ளைப்பேற்றின் நோவு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1853 இல் விக்டோரியா மகாராணி பிரசவத்தின்போது குளோரபோமை முகர்ந்தார். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அந்த வசதி கிட்டவில்லை. இந்நிலையில், சோவியத் நாட்டில் உக்ரேனின் கார்கோவ் நகரைச் சார்ந்த வெல்வோவ்ஸ்கி முதலியோர், பாவ்லோவின் உடலியற் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு ஒரு முறையை வகுத்தனர். மூளையில் வலிய கிளர்ச்சி மையம் ஒன்று எழுமாயின் அது ஏனைய கிளர்ச்சிகளை அடக்கும். ஆகவே தாய்க்குத் தன் உடலில் நிகழ்வதை முன்கூட்டியே விளக்கி, அச்சத்தை நீக்கி, சுருக்கம் வரும்போது செய்வதற்குரிய மூச்சுப் பயிற்சியையும் தேய்த்தலையும் கற்பித்தால் நோவு தணியும் என்றனர். 1951 இல் சோவியத் சுகாதார அமைச்சு இம்முறையை நாடெங்கும் கைக்கொள்ளுமாறு பணித்தது. அவ்வாண்டே அங்கு சென்ற பிரெஞ்சு மகப்பேற்று வைத்தியர் பெர்னான் லமாஸ், லெனின்கிராட்டில் ஒரு பெண் அலறலின்றிப் பிள்ளை பெறுவதைக் கண்டார். நாடு திரும்பி, தாம் பணிபுரிந்த உலோகத் தொழிலாளர் மகப்பேற்று மனையிலே 1952 இல் அம்முறையைத் தொடங்கினார்.

அது கம்யூனிஸ்ட் பிரசாரம் என்று எள்ளியோர் பலர். ஆயினும் 1956 ஜனவரியில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரே இம்முறை சமயத்துக்கு முரணானதன்று எனக் கூறினார். தொழிற்சங்கத்தின் சிறிய மனையொன்றிலிருந்து புறப்பட்ட மூச்சுப் பயிற்சி இன்று லமாஸின் பெயரோடு உலகெங்கும் வழங்குகின்றது. உழைக்கும் பெண்ணைப் பார்த்து, 'உன் உடலை நீ அறியலாம். அதனை நீயே நடத்தலாம்' என்று கூறிய அந்தக் குரல் விடுதலையின் குரல் என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான மகப்பேற்று மனைகளில் வாயிலோடு நிறுத்தப்பட்ட கணவனை மனைவியின் பக்கத்தில் நின்று உதவப் பழக்கியதும் அம்மனையே.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நமக்கு அழகன்று. போரினாற் சிதைந்த சோவியத் நாட்டில் மயக்கமருந்தும் அதனைக் கொடுக்கவல்ல வைத்தியரும் அரிதாயிருந்தனர். மூச்சுக்குச் செலவில்லை. மருந்து இல்லாமையே மருந்து வேண்டாமைக்கு ஒரு காரணமாயிற்று. அக்காரணம் கொள்கையின் ஒளியில் மறைந்துபோயிற்று. மேலும், லமாஸின் மனையில் தாய்மார் பிரசவித்த விதம் பரீட்சைத் தாள்போலத் தரப்படுத்தப்பட்டது. ஒரு முனையில் 'மிகச் சிறப்பு'. மறுமுனையில் 'முழுத் தோல்வி'. அலறிய பெண் நோவை மட்டும் அனுபவிக்கவில்லை. தோற்றவள் என்ற பெயரையும் சுமந்தாள். 'நோவில்லாப் பிரசவம்' என்று கொடியேற்றிய பின்னர், 'எனக்கு நோகின்றது' என்று சொல்லும் பெண் கொள்கைக்கு எதிரான சாட்சியாகிவிடுகின்றாள். ஒரே மூச்சுப் பயிற்சி ஒரு பெண்ணின் கையில் ஆயுதமாகவும், இன்னொருத்தியின் வாயில் பூட்டாகவும் அமைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று வினாக்களை நாம் பெற்றுக்கொள்ளலாம். நோவை மறக்கச் செய்யும் எந்தச் செயலையும் அவற்றால் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

நோவு கொண்டுவந்த செய்தியைப் படித்தாயிற்றா என்பது முதல் வினா. நெஞ்சுநோவுக்குத் தைலம் பூசிக்கொண்டு படுத்தவன் விடியுமுன் இறந்துபோகக்கூடும். 1946 முதல் வேலூரிற் பணிபுரிந்த போல் பிராண்ட் என்னும் வைத்தியர், தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் அவர்கள் நோவை உணராமையே என்று காட்டினார். சூடான பாத்திரத்தை எடுத்த கைக்கு அதனை விடவேண்டும் என்று சொல்ல யாருமில்லை. நோவு வாழ்வின் காவலாளி. காவலாளியின் வாயைப் பொத்துவது மடமை. ஆனால் புற்றுநோய் முற்றியவனுக்கும், தீக்காயத்துக்கு மருந்து கட்டப்படும் குழந்தைக்கும் நோவு புதிதாக எதனையும் சொல்லவில்லை. செய்தி படிக்கப்பட்டுவிட்டது, எஞ்சியிருப்பது வதை மாத்திரமே. அதனைத் தணித்தல் கடமை.

எதற்குப் பதிலாக என்பது இரண்டாம் வினா. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீக்காயமுற்றோருக்கு மருந்து கட்டும் வேளையில் கண்முன்னே பனிநிலம் ஒன்றைத் தோற்றுவித்து, பனிமனிதர்மீது பனிப்பந்து எறிந்து விளையாடச் செய்யும் கணினி முறையொன்றை ஹன்ரர் ஹொஃப்மன், டேவிட் பற்றர்சன் ஆகியோர் வகுத்தனர். நோவு பெரிதும் குறைந்தது. அவர்கள் அதனை நோவு நீக்கும் மருந்தோடு சேர்த்தே கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது. மருந்தோடு சேர்ந்த விளையாட்டு கருணை. மருந்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தரப்படும் விளையாட்டு வஞ்சகம்.

யார் தீர்மானிக்கின்றார் என்பது மூன்றாம் வினா. பாஸ்கல் தாமே கணிதத்தை நாடினார், மார்க்ஸும் அவ்வாறே. பிரசவ அறையில் அலறும் பெண்ணை, "சத்தம் போடாதை, மூச்சை இழுத்து விடு" என்று அதட்டும் குரலை நம் தாய்மார் அறிவர். சொல்லப்பட்ட உபாயம் ஒன்றே. சொன்ன முறை அதனைக் கட்டளையாக்கிவிட்டது. நோகின்றவளின் கையிலிருக்கும்வரையே அது வைத்தியம். அவளை அடக்குவோரின் கைக்கு மாறியதும் அது அதிகாரம்.

இப்பொழுது 'அபின்' என்ற அச்சொல்லுக்கு வருவோம். 1844 இல் வெளிவந்த, ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமர்சனத்தின் முன்னுரையிலே மார்க்ஸ் அச்சொல்லை ஆண்டார். அக்காலத்தில் அபின் முதலாவதாக ஒரு மருந்து. இங்கிலாந்தில் 1868 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதனைக் கடைகளில் எவரும் வாங்கலாம். மார்க்ஸ் அவ்விடத்தில் மதத்தை மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும், அத்துயரத்துக்கு எதிரான முறையீடாகவும் காண்கின்றார். நோவு பொய் என்றோ, நோவு தணிக்க விரும்புபவன் மூடன் என்றோ அவர் கூறவில்லை. நோவை உண்டாக்கும் நிலைமையை மாற்றாது நோவை மட்டும் தணித்துக்கொண்டிருத்தலே அவர் கண்டனத்துக்கு உரியது. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், அபின் கலந்த மருந்தைத் தொழிலாளர் தம் குழந்தைகளுக்குக் கொடுத்த கொடுமையைக் குறிப்பிடுகின்றார். அக்குழந்தையின் அழுகை பசியின் செய்தி. தாயின் பாலுக்குப் பதிலாக அபின். தாய் ஆலையில் நிற்கவேண்டிய நேரத்தைத் தீர்மானித்தவனோ முதலாளி. மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை தெளிவாகக் கிடைக்கின்றது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசிறையின் முக்கிய கூறுகளுள் ஒன்றாயிருந்தது. 1912 ஆம் ஆண்டு மதுவரிச் சட்டமும் தவறணைகளின் பெருக்கமும் நாடெங்கும் மதுவிலக்குக் கிளர்ச்சியை எழுப்பின. உழைப்பவனின் உடலை நோகச் செய்த ஆட்சியே அந்நோவை மறக்கும் பொருளை அவனுக்கு விற்று, அதிலும் வருமானம் கண்டது. இத்தகைய வியாபாரத்தைக் கண்டிக்கச் சொற்கள் போதா. எனினும் கண்டனம் விற்றவன்மீது செல்லவேண்டியதேயன்றி, நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த முதுகுடன் தவறணை வாயிலில் நின்றவன்மீது மாத்திரம் செல்லவேண்டியதன்று.

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை எண்ணிப் பாருங்கள். கயிறு உள்ளங்கையை அறுக்கின்றது. பாட்டு அந்நோவை மறக்கச் செய்கின்றது. சம்மாட்டியின் பங்கு அதனாற் குறைவதில்லை. இழுப்பவனின் பங்கு கூடுவதுமில்லை. அந்த அளவில் அதனையும் அபின் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அப்பாட்டு பல கைகளை ஒரே அசைவில் இணைக்கின்றது. தனித்தனியே நொந்தவர்கள் ஒருவரோடொருவர் மூச்சுச் சேர்க்கப் பழகுகின்றனர். பங்கு பற்றிப் பேசவேண்டிய நாளில், சேர்ந்து இழுத்துப் பழகியவர்களுக்குச் சேர்ந்து நிற்றல் புதிதன்று. மறதியிலும் இருவகை உண்டு. ஒன்று மனிதனைத் தனியே பிரித்துத் திரையின்முன் அமர்த்துகின்றது. மற்றது அவனை மனிதரோடு சேர்க்கின்றது. திருவிழாவுக்குச் செல்லும் தொழிலாளியைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம் நண்பர்கள், அவன் எவ்வகை மறதியை நாடிச் செல்கின்றான் என்பதை அறிய முயல்வதில்லை. அவன் நோவை நீக்க எதுவும் செய்யாது, அவன் மறதியையும் பறிக்க முற்படுபவன் புரட்சியாளன் ஆகான்.

2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது நம் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன. முன்பே நாள் குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைகள் சில இடங்களில் ஒத்திவைக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் மருந்தில்லாத தாதி ஒருத்தி நோயாளியின் கையைப் பிடித்துக் கதை கேட்பாளாயின் அது ஏமாற்றன்று. "மருந்து இல்லை, அது வரும்வரை நான் இருக்கிறேன்" என்ற உண்மை அக்கையில் இருக்கின்றது. அதே செயலைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், மருந்தில்லாமலே சமாளிக்கலாம்" என்று ஆட்சியாளர் ஒருவர் கூறுவாராயின், அவ்வுண்மை அக்கணமே பொய்யாகிவிடும். இல்லாமையை இல்லாமை என்று சொல்லும் நேர்மை இருக்கும்வரையே ஆறுதலுக்கு மதிப்பு உண்டு.

ஆசிரியராகவும் மாணவராகவும் மக்களிடையே வாழும் நமக்கு இதனால் இரட்டைக் கடமை ஏற்படுகின்றது. நோகின்றவனுக்கு உடனடியாக ஆறுதல் தரத் தயங்குதல் கூடாது. காரணம் நீங்கும்வரை அவன் நொந்தே கிடக்கட்டும் என்று கூறும் கொள்கை மனிதருக்கான கொள்கையன்று. தந்த ஆறுதலைக் காட்டிக் காரணத்தை மறைக்க எவரையும் அனுமதித்தலும் கூடாது. பாரிஸ் உலோகத் தொழிலாளர் தாய்மாருக்கு மூச்சுவிடக் கற்பித்ததோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே தம் சங்கத்தின் பணத்திலே கட்டடத்தையும் கட்டிலையும் வைத்தியரையும் தேடிவைத்திருந்தனர். அம்மூச்சு பலித்ததற்கு அக்கட்டடமும் ஒரு காரணம்.